ஸ்பிரிங்கின் முழங்கால்

அத்தியாயம் பதினொன்று

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். போர்வையை மடித்தேன். கட்டிலில் என் பக்கம் மட்டும்தான் கசங்கியிருந்தது. தட்டிச் சரிசெய்தேன். கீழே இறங்கி டீக்குத் தண்ணீர் வைத்தேன். மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல், மாமியாருக்கு அரைக் கரண்டி, மைத்துனனுக்கு இரண்டு. எனக்கு எப்படி இருந்தாலும் சரி.

டேப் உருளையையும் கத்தரிக்கோலையும் எடுத்து வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். மைத்துனனின் வலது முழங்காலுக்குத் தினமும் டேப் சுற்ற வேண்டும். முன்பு இந்த வீட்டில் யாருக்கு எதைச் சுற்றுவதானாலும் என் மனைவிதான் சுற்றுவாள். எங்கள் கால்பந்து க்ளப்பின் பிசியோ அவள். அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மைத்துனன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிகளைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தான். ஏணியில் இறங்குகிற மாதிரி.

"ஃபேனை அணைச்சாச்சு. ஜன்னலைச் சாத்தியாச்சு," என்று மாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இறங்கினான்.

சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மேல யாருடா இருக்கா? யார்கிட்ட பேசற?"

"ஃபேன்கிட்டம்மா."

"பதில் சொல்லுச்சா?"

"உன்னை மாதிரியேதாம்மா. சுத்திக்கிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது."

முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து காலை நீட்டினான். முழங்கால் நேற்றைவிட உப்பியிருந்தது.

"இன்னைக்கு ரெண்டு சுத்து கூடப் போடுங்க மச்சான். கடைசி பயிற்சி ஆட்டம். அப்பா பார்ப்பாரு."

"கூடப் போட்டா கால் மடங்காது."

"மடங்கி என்ன ஆகப்போகுது? தலையாலதானே அடிக்கறேன்."

ஊர் அவனை ஸ்பிரிங் என்று கூப்பிடும். கார்னரில் பந்து வந்தால் மற்றவர்கள் குதிப்பார்கள். இவன் எழும்புவான். மேலே போய், அங்கேயே கொஞ்சம் தங்கி, யோசித்துவிட்டு முட்டுகிற மாதிரி இருக்கும். போன சீசனில் நாங்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவன் தலை போட்டது.

எழும்புவதில் இப்போதும் குறை இல்லை. இறங்குவதில்தான்.

நேற்று எலும்பு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறது. இப்போதே அறுவை செய்து ஓய்வு கொடுத்தால் அடுத்த வருஷம் ஆடலாம். இப்படியே ஆடினால், ஏதோ ஒரு ஹெட்டருக்குப் பிறகு தரையில் இறங்கும்போது மீதியும் அறுந்துவிடும். அதன் பிறகு ஆட்டம் கிடையாது. நொண்டாமல் நடந்தாலே பெரிது.

வெளியே வந்ததும் மைத்துனன் சொன்னான். "அப்பாகிட்ட மூச்சு விட்டீங்க, அத்தோட நமக்குள்ள பேச்சு கிடையாது."

இதுவரை மூச்சு விடவில்லை. ஆனால் இன்று மாலை ஆறு மணிக்குள், இந்த சீசனில் ஆடப்போகிறவர்களின் பெயர்களை லீக் அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பிய பிறகு ஒரு பெயரை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. சனிக்கிழமை முதல் ஆட்டம்.

மாமனார் ஈரத்தலையோடு வந்தார். க்ளப்பின் தலைமைப் பயிற்சியாளர் அவர். நான் அவருக்குத் துணை. ஆட்டங்களை வீடியோ எடுத்து, வெட்டி, யார் எங்கே தவறினார்கள் என்று காட்டுவது என் வேலை. வீட்டில் மாப்பிள்ளை, மைதானத்தில் உதவியாள். இரண்டு இடத்திலும் கேட்டால்தான் பேச வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் அணியை நிறுத்தத் தொடங்கினார். உப்பு ஜாடி கோல்கீப்பர். டம்ளர்கள் டிஃபென்ஸ். கரண்டிகள் நடுக்களம். தினமும் நடப்பதுதான்.

"பின்னாடி நாலு பேர். இங்க ஒட்டகம். பக்கத்துல..." கையால் துழாவினார். அந்த டம்ளரில் மாமியார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என் டிஃபென்ஸைத் தூக்கிக் குடிச்சிட்டிருக்கியே!"

"உங்க டிஃபென்ஸ் போன மாசமே பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போயாச்சு. இது டம்ளர்."

அது உண்மை. கேப்டனும் அவனுக்கு ஜோடியாக நின்றவனும் பெரிய க்ளப்புக்குப் போய்விட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் ஓய்வு பெற்று, தன்னுடைய மாமனார் வீட்டோடு போய்விட்டார். இரண்டு ஓரத்திலும் ஓடிய இரட்டையரில் அண்ணனை மட்டும் ஒரு க்ளப் கூப்பிட்டது. தம்பியும் கூடவே பஸ் ஏறிவிட்டான். வந்தவர்கள் மூன்று பேர். உயரமான டிஃபெண்டர் ஒருவன், அவனுக்கு வந்த அன்றே ஒட்டகம் என்று பெயர் வைத்தாகிவிட்டது. வயது கேட்டால் பேச்சை மாற்றுகிற நடுக்களக்காரர் ஒருவர். வாயைத் திறந்து யாரையும் கூப்பிடாத கோல்கீப்பர் ஒருவன். பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் எங்களைக் கடைசி இடத்தில் போட்டிருந்தார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

கடைசி இடம் என்றால் கீழ் பிரிவுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் க்ளப் இருக்காது. மைதானம் மரக்கடை முதலாளிக்குச் சொந்தம். இறங்கிய மறுநாள் அங்கே பலகை அடுக்குவேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் அவர் செய்யாமல் விட்டதில்லை.

மாமனார் என் கையிலிருந்த டேப் உருளையை வாங்கி மேஜையின் முன்விளிம்பில் வைத்தார்.

"முன்னாடி இவன். இவன் ஒருத்தன் நின்னா போதும் மாப்பிள்ளை. மீதி இடத்துல பத்து மரத்தை நட்டாக்கூடப் பொழைச்சுக்கலாம்."

மைத்துனன் தலையைக் குனிந்து டீயை உறிஞ்சினான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாமியார் பின்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, நேத்து ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

"பூட்ஸ் வாங்க, அத்தை."

"வாங்கின பூட்ஸ் எங்க?"

செருப்பின் வாரை இழுத்து மாட்டினேன்.

"இந்த வீட்டுல பாதிப் பேருக்குப் பிடிப்பு. மீதிப் பேருக்குப் பிடிவாதம். நீங்களாவது நாலு எழுத்துப் படிச்சவர்." கதவைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தியை வாரிக் கொடுத்துட்டு நிக்கறேன். வாயைத் திறங்க தம்பி."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

மைதானத்தில் ஒட்டகம் சுண்ணாம்பு வாளியோடு நின்றான். நடுக்கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். கோடு இரண்டு இடத்தில் வளைந்து, ஓர் இடத்தில் காணாமல் போயிருந்தது.

"என்னடா இது? குடிச்சிட்டுப் போட்ட மாதிரி?"

"முதுகு வலிக்குதுன்னு கோச்கிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேண்ணே. வாளியைக் கையில குடுத்துட்டாரு. எங்க பழைய க்ளப்புல வலிக்குதுன்னா ஐஸ் குடுப்பாங்க. இங்க சுண்ணாம்பு குடுக்கறாங்க."

புதியவன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் க்ளப்பில் 'வலிக்குது' என்ற சொல் கிடையாது. மாமனார் ஆடிய காலத்திலேயே வைத்த சட்டம். சொன்னவன் அன்று முழுக்க மைதானத்துக்குக் கோடு போட வேண்டும். அதனால் எல்லோரும் 'பிடிப்பு' என்பார்கள். தசை கிழிந்தால் பிடிப்பு. கணுக்கால் பிசகினால் சின்னப் பிடிப்பு. பழைய கோல்கீப்பருக்கு ஒருமுறை சுண்டுவிரல் முறிந்து பின்பக்கம் திரும்பி நின்றது. "விரல் லேசாப் பிடிச்சிருக்கு கோச், திரும்பிப் பார்க்குது," என்றார். மீதி ஆட்டத்தையும் ஆடினார்.

சட்டம் மெல்ல வீட்டுக்கும் வந்துவிட்டது. மாமியாருக்குப் பல் பிடிக்கும். மாமனாருக்கு நெஞ்செரிச்சல் பிடிக்கும். என் மனைவி பிசியோவுக்குப் படித்துவிட்டு வந்து இதோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டாள். "படி ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்பாள். ஏறும்போது என்றால் பெரும்பாலும் தசை, விட்டுப் பிடிக்கலாம். இறங்கும்போது என்றால் மூட்டு. உடனே பெஞ்சில் உட்காரவைப்பாள். யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவும் வேண்டாம், வாளியைத் தூக்கவும் வேண்டாம்.

ஊராரின் காலையெல்லாம் அப்படிப் பார்த்தவள்தான். ஆனால் இறப்பதற்கு முன் மூன்று நாள், "தலை கொஞ்சம் பிடிப்பா இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் பதறவில்லை. பிடிப்புக்கு யார் பதறுவார்கள்?

உடைமாற்றும் அறையில் புது ஜெர்சிகள் வந்திறங்கியிருந்தன. பையன்கள் பிரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்துப் பட்டையின் உட்புறத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது: 'டீமை விட்டுடாதீங்க.' மாமனாரின் ஏற்பாடு. இரங்கல் கூட்டத்தில் அவர் சொன்னார்: "என் பொண்ணு கடைசியாச் சொன்னது இதுதான்." அன்றிலிருந்து அது எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. இனி கழுத்திலும் இருக்கும்.

என் ஜெர்சியையும் கொடுத்தார்கள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

*

பயிற்சி ஆட்டம் ஒரு கல்லூரி அணியோடு. நான் பார்வையாளர் மேடையில் கேமராவை நிறுத்தினேன்.

முதல் பாதியில் ஒரு கார்னர். மைத்துனன் எழும்பினான். சுற்றியிருந்த எல்லாத் தலைக்கும் மேல் அவன் தலை. முட்டினான். கோல்.

மாமனார் கோட்டோரத்தில் இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை! ஸ்பிரிங் துருப்பிடிக்கலை!"

நான் கேமராவில் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மெதுவாக. அவன் இறங்கும்போது வலது காலைக் கொக்கு மாதிரி மடக்கிக்கொண்டு இடது காலில் மட்டும் நின்றான். விழாமலிருக்கப் பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பிடித்தான். பிறகு சிரித்தான். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாதியில் மாமனார் அவனை வெளியே உட்காரவைத்தார். அவன் இல்லாமல் எப்படி என்று பார்க்க நினைத்திருக்க வேண்டும். ஒட்டகத்தை முன்னால் அனுப்பினார். முதல் பந்து அவன் காதில் பட்டு வெளியே போனது. இரண்டாவது அவன் முதுகில். கல்லூரிப் பையன்கள் இரண்டு கோல் போட்டார்கள். எங்கள் கோல்கீப்பர் யாரையும் திட்டாமல் இரண்டு முறையும் பந்தை எடுத்துத் துடைத்தான்.

மரக்கடை முதலாளி மறுபக்கக் கோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். நடக்கவில்லை, அளந்துகொண்டிருந்தார்.

"என்ன கோச்," என்று தூரத்திலிருந்தே கேட்டார். "இந்த வருஷம் நிக்குமா?"

"நிக்கும்," என்றார் மாமனார்.

"பலகையும் நல்லா நிக்கும், நிறுத்தினா."

மாமனார் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்.

*

ஆட்டம் முடிந்து பந்துகளை எண்ணி வைக்கும் கொட்டகைக்குள் போனார். நானும் போனேன்.

"மாமா, ஒண்ணு சொல்லணும்."

"முழங்காலா?"

கேமரா பையைக் கீழே இறக்கினேன்.

"பின்பக்கமா இறங்கறான். எத்தனையோ நாளா. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? என் பையன் கால் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"நேத்து டாக்டர் என்ன சொன்னார்னா..."

"வேணாம்." கையை நீட்டித் தடுத்தார். "சொல்லாதீங்க. சொல்லிட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிடும்."

"தெரியும்னு இப்பதானே சொன்னீங்க."

"சத்தம் தெரியும். டாக்டரைத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்."

ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். காற்று இல்லை. கீழே போட்டார்.

"வீடியோ பார்க்கறவர் நீங்க. அவன் இல்லாம எத்தனை ஆட்டம் ஜெயிப்போம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

"ஒண்ணு. அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு."

"அப்புறம்?"

"இறங்கிடுவோம்."

"அப்புறம்?"

காற்றில்லாத பந்தைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"அதோ, அந்தக் கோட்டுக்கு வெளியே பையை வெச்சுக்கிட்டு நிப்பா. எவனாவது விழுந்தா முதல் ஆளா ஓடுவா. அந்த இடத்துல பலகையா மாப்பிள்ளை?" நீட்டிய விரலை மடக்கினார். "என் பொண்ணு ஒரு தடவை போனது போதும்."

"அவனும் உங்க பிள்ளைதானே மாமா."

"அவ என்கிட்ட கடைசியா என்ன சொன்னா? 'டீமை விட்டுடாதீங்கப்பா'ன்னா. அதை மீறிட்டு நான் எந்த முகத்தோட அவ படத்தைப் பார்க்கறது?"

அது பொய் இல்லை. போன சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் வெளியூரில் லீக் கூட்டத்தில் இருந்தார். கேப்டன் போகப்போகிறான் என்று அங்கேதான் கேள்விப்பட்டார். கோபத்தில் வீட்டுக்குப் போன் பண்ணி, எல்லாவற்றையும் தூக்கிப் போடப்போகிறேன் என்று கத்தினார். அப்போது அவள் சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்துவிட்டு, "அப்பாவுக்கு அப்பப்ப காத்து அடிக்கணும், பந்து மாதிரி," என்று சிரித்தாள். மறுநாள் காலை அவர் ஊரிலிருந்து நேராக மைதானத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் குரலை அவர் கேட்கவில்லை.

"ஒண்ணு பண்ணுங்க," என்றார். "அவனே அவன் வாயால சொல்லட்டும், வலிக்குதுன்னு. அந்த நிமிஷமே பேரை எடுத்துடறேன்."

அவன் சொல்லமாட்டான் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். போனை எடுத்துப் பெயர்களைப் பார்க்கத் தொடங்கினார். முதல் பெயர் மைத்துனனுடையது.

*

உடைமாற்றும் அறையில் அவன் மட்டும் இருந்தான். புது ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டேப் வேர்வையில் ஊறி, ஓரம் சுருண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்தேன்.

"படி ஏறும்போதா, இறங்கும்போதா?"

அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. "அக்கா மாதிரிக் கேக்காதீங்க."

"சொல்லு."

டேப்பின் சுருண்ட ஓரத்தை அமுக்கிக்கொண்டே சொன்னான். "இறங்கும்போது."

"எப்படி இருக்கு?"

"பிடிப்பு."

"நிஜமாச் சொல்லு."

"பிடிப்புதான் மச்சான்!" பெஞ்சைக் குத்தினான். "அன்னைக்கு அந்த கோலுக்கு அப்புறம் விழுந்தேன். திரும்பிக் கோட்டுக்கு வெளியே பார்த்தேன். அக்கா பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான்னு. யாரும் வரலை. நானே எழுந்துட்டேன். லேட்டா வருவா போலன்னு நினைச்சேன்."

போன சீசனின் அந்தக் கடைசி ஆட்டத்தை டிரா செய்தால்தான் தப்பிப்போம் என்ற நிலை. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இவன் முட்டிப் போட்ட கோலில் தப்பித்தோம். அந்த நேரத்தில் நான் அவளை உள்ளே அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தேன். விசில் ஊதிய பிறகுதான் இவனுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு வீடு இழவு வீடு. இழவு வீட்டில் யார் யாருடைய முழங்காலைப் பார்ப்பார்கள்?

"பேரைக் குடுங்க, ஆடறேன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்," என்றான். "தெரிஞ்சேதான் சொன்னேன். கால் போனா போகட்டும்."

"அப்புறம் என்ன பண்ணுவ?"

"தெரியலை. யோசிக்கலை." கழுத்துப் பட்டையை விரலால் இழுத்துக் காட்டினான். "அக்கா கடைசியாச் சொன்னது கழுத்துல உரசிக்கிட்டே இருக்கு. எப்படி மச்சான் ஆடாம இருக்கறது?"

"அது அப்பாகிட்ட கடைசியாச் சொன்னது."

"அதான்."

"அதுக்கு மறுநாள் காலையில வீட்டுல நான் இருந்தேன்டா."

அவன் என்னைப் பார்த்தான். நான்கு மாதத்தில் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். இத்தனை நாளில் அந்தக் காலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை. கடைசி வார்த்தை ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருந்தது.

"உங்ககிட்ட என்ன சொன்னா?"

சொன்னேன்.

வெளியே யாரோ பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது.

"அக்காவா? அந்த வார்த்தையா?"

"அந்த வார்த்தைதான்."

"நீங்க சும்மா சொல்லலையே?"

"எனக்குக் கதை கட்டத் தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அத்தைகிட்ட பூட்ஸ்னு சொல்லி மாட்டியிருக்க மாட்டேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டான். ஜெர்சியைக் கழற்றினான். எழுத்து உள்ளே போகும்படி மடித்துப் பெஞ்சில் வைத்தான். என் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து டேப்பை மேலிருந்து கீழாக வெட்டினான். முழங்கால் விடுபட்டு வீங்கியது போல இருந்தது. எழுந்து நின்றான். அவன் எங்கே போகிறான் என்று எனக்குப் புரியவில்லை.

வெளியே போனான். நொண்டிக்கொண்டே. எதையும் மறைக்காமல், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒட்டகத்திடம் போய் வாளியின் கைப்பிடியைப் பிடித்தான்.

"அண்ணே, இது என்னோட வாளி."

"குடு. இனிமே என்னோடது."

"நீங்க எதுக்கு? உங்களுக்கென்ன..." ஒட்டகம் அவன் காலைப் பார்த்தான். வாளியை விட்டான்.

மைத்துனன் நடுக்கோட்டுக்குப் போனான். வளைந்திருந்த இடத்தில் குனிந்தான். முழங்கால் மடங்கவில்லை. காலை நீட்டி, தரையில் உட்கார்ந்துகொண்டு, தேங்காய் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கிக் கோட்டை நேராக்கத் தொடங்கினான்.

மாமனார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். கையில் போன். இன்னும் அனுப்பவில்லை. மகனைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அந்த வாளி இத்தனை வருஷத்தில் அவர் வீட்டு ஆள் ஒருவர் கைக்கும் போனதில்லை.

மரக்கடை முதலாளி காரில் ஏறிக்கொண்டே எட்டிப் பார்த்தார். சிரித்தார்.

மாமனார் என்னிடம் வந்தார்.

"என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

"அவ கடைசியாச் சொன்னதை."

"அதுதான் ஊருக்கே தெரியுமே."

"அது முந்தின நாள் சாயங்காலம், மாமா."

போனின் வெளிச்சம் அணைந்தது. மீண்டும் தொட்டு எரியவிட்டார். முதல் பெயரின் மேல் கட்டைவிரல் நின்றது. அதை அழித்தால் அந்த இடத்தில் யாரை எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆறு மணிக்கு அதிக நேரம் இல்லை. ஒட்டகம் காதைத் தடவிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் ஆடுவா?" என்றார் மாமனார். என்னிடம் கேட்டது போல இல்லை. "அவன் இல்லாம யாரை வெச்சு ஆடறது? சொல்லுங்க."

"தெரியலை மாமா."

மைதானத்தில் கோடு மெல்ல நேராகிக்கொண்டே வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என் மக என்ன சொன்னா?"

சொன்னேன். அவள் காலையில் டேப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினாள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தாள். மெல்ல வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். ஆட்டத்துக்கு நேரமாச்சு என்றேன். அவள் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்லை, மெதுவாக, சண்டை எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"வலிக்குதுப்பா. இன்னைக்கு நான் வரலை."